இடதுபுறம் நிற்பவள்

கடித எண்: 58
நாள்: 21.07.2025, திங்கட்கிழமை (விசுவாவசு ஆண்டு, ஆடி 5)
நேரம்: முற்பகல் 10.20
இடம்: வில்லாபுரம், மதுரை
பொருள்: 19.07.2025 சனிக்கிழமை நடந்த உன் ஆட்டம் – காரணம் தெரிவித்தல்
பார்வை: அன்று பிற்பகல் 4.10 மணிக்கு வந்த உன் தொலைபேசி அழைப்பு

அன்பு மகள் மாயக்காளுக்கு, அப்பா காசிமாயன் எழுதுவது.

நானும் உன் அம்மா முனீஸ்வரியும் உடல் அளவில் குறைவில்லாமல் இருக்கிறோம். எனக்கு இன்று காலைச் சர்க்கரை 118. அம்மாவுக்கு வலது கண்ணில் செப்டம்பர் மாதம் அறுவை என்று சென்ற கடிதத்தில் தெரிவித்ததில் மாற்றமில்லை. நீயும் அந்தக் குளிர் ஊரில் சௌகரியமாக இருப்பாய் என்று வழக்கம்போல் அடுத்த வரியை எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். நேற்று முன்தினம் உன் குரலைக் கேட்ட பிறகு அந்த வரியை எழுத எனக்கு அருகதை இல்லை. இதுவரை எழுதிய ஐம்பத்தேழு கடிதங்களிலும் உன்னைக் கனகலட்சுமி என்றே விளித்தேன். பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஆடும்போது உன் முதுகிலும் இருக்கும் பெயர் அதுதான். மாயக்காள் என்பது வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர் என்று சொல்லி உன்னை வளர்த்தோம். இந்தக் கடிதத்தில் ஏன் மாற்றி எழுதினேன் என்பது நான்காவது பக்கத்தில் வரும். முன்னதாகப் புரட்டிப் பார்க்க வேண்டாம். வரிசையாகப் படி.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. நீ இருக்கும் டனீடினில் மாலை ஏழு மணிக்கு உங்கள் கூடைப்பந்து ஆட்டம் தொடங்கினால் இங்கே பகல் பன்னிரண்டரை. கடந்த மூன்று பருவங்களாக அந்த நேரத்தில் நான் தொலைக்காட்சிக்கு முன்னால் நோட்டுப் புத்தகமும் இரண்டு பேனாவும் ஒரு பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவது உனக்குத் தெரியும். 19ஆம் தேதி நடந்தது உன் 512ஆவது ஆட்டம். முந்தைய 511இல் ஒன்றைக்கூட நீ தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு ஆடியிருக்கிறாய், விரல் பிசகி ஆடியிருக்கிறாய். அதிகப் புள்ளி எடுப்பவள் என்று உன்னை யாரும் எழுதியதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேரும், அவள் கையில் இருந்தால் கவலையில்லை என்று உங்கள் கோச் சென்ற ஆண்டு ஒரு பேட்டியில் சொன்னதை 14.08.2024 என்று தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு முறை மட்டுமே பந்தைப் பறிகொடுப்பவள் நீ. நேற்று முன்தினம் ஒன்பது முறை. அந்த ஒன்பதும் ஒரே மாதிரி. பந்து கைக்கு வந்ததும் பார்க்காமலே இடப்பக்கம் தள்ளினாய். அங்கே யாரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டி விளம்பரப் பலகையில் மோதியது. ஆறாவது முறை அப்படியானபோது நீ பந்தைத் துரத்தவில்லை. அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். கடைசிக் கால் பகுதி முழுவதும் உன்னை வெளியே உட்கார வைத்தார்கள். அதுவும் முதல் முறை.

பிறகு நீ தொலைபேசியில் பேசினாய். பரிசோதித்துப் பார்த்தார்கள், காலில் ஒன்றுமில்லை, தலையில் அடிபடவில்லை என்றாய். அதன்பின் நீ சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். “அப்பா, இடது பக்கம் காலியா இருந்துச்சுப்பா. கூப்பிடவே இல்ல. எனக்கு எங்க போடுறதுன்னே தெரியல” என்றாய். கோச் உன்னிடம் யார் கூப்பிடவில்லை என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அழுதாய் என்றும் சொன்னாய். நான் அப்போது, தூங்கு, காலையில் சரியாகும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது பொறுப்பான பதில் அன்று. எனக்குக் காரணம் தெரியும். அதைச் செய்தவனே நான்தான்.

இவ்வாண்டு ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தவுடன் இடப்பக்கத்திலிருந்து அக்கா என்று ஒரு சத்தம் வரும், அந்தப் பக்கம் போட்டால் போதும், கண்டிப்பாக நம் ஆள் ஒருத்தி அங்கே நிற்பாள் என்றாய். எப்போதிருந்து என்று கேட்டேன். பள்ளிக்கூட அணியில் ஆடிய நாளிலிருந்து, அங்கே தங்கச்சிமார் கூப்பிட்டுப் பழகிய சத்தம் காதிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது என்றாய். “இங்க இருக்கிறவளுக யாருக்குப்பா அக்கான்னு கூப்பிடத் தெரியும்” என்று நீயே கேட்டு நீயே சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இணைப்புச் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு சரியாகத்தான் இருந்தது.

இனி என் நோட்டுப் புத்தகங்களைப் பற்றி ஒன்று. மொத்தம் பதினான்கு. நேரிலோ திரையிலோ நான் கண்ணால் பார்த்து எழுதிய ஆட்டங்கள் 238. அவற்றில் 61 ஆட்டங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டிருப்பேன். என்ன வட்டம் என்று நீ பத்தாம் வகுப்பில் ஒருமுறை கேட்டாய். கணக்குப் பிழை என்றேன். பிழையில்லை, மகளே. ஆடுகளத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். அந்த 61 ஆட்டங்களில் நம் அணியில் நான் எண்ணியது ஆறு. எப்போதும் ஒரு கணம்தான். மறுபடி எண்ணினால் ஐந்து. முதன்முதலில் 12.11.2011 அன்று தேனியில். கண்ணாடி மாற்ற வேண்டிய நேரம் என்று நினைத்தேன், மாற்றினேன். கடைசியாக இம்மாதம் 12ஆம் தேதி, பகல் 12.52. நீ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கேமரா உன் முகத்தைக் காட்டியது. அடுத்து ஆடுகளத்தைக் காட்டியபோது இடது மூலையில் அதே கருநீலச் சட்டையில், அதே 14ஆம் எண்ணில் ஒருத்தி நின்றாள். உன்னைவிட ஒரு சாண் குட்டை. கையை உயர்த்தவில்லை. பந்தைப் பார்க்கவும் இல்லை. பெஞ்சில் இருந்த உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்தபின் பதிவை ஏழு முறை ஓட்டிப் பார்த்தேன். பதிவில் ஐந்து பேர்தான். நான் இதற்கெல்லாம் காரணம் எழுதவில்லை. கண்டதை எழுதுகிறேன்.

உன் அம்மா எண்ணுவதில்லை. ஆனால் ஆட்ட நாள்களில் தொலைக்காட்சி முன்னால் எனக்கு வைக்கும் மோரைத் தவிர இன்னொரு தம்ளர் மோரைக் கீழே தரையில் வைப்பாள். உனக்காக வைக்கிறாள் என்று நினைத்து, அவள் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாள், எறும்பு வரும் என்று பலமுறை கடிந்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு நாள் நீ இரண்டு கட்டங்களில் நன்றாக ஆடினாய். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு பேரும் இன்னைக்கு நல்லா ஓடுதுக” என்றாள். யார் இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன்.

இப்போது நான்காவது பக்கம் வந்துவிட்டது.

எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 09.02.1997 ஞாயிற்றுக்கிழமை நீ பிறந்தாய். மாயக்காள் என்று பெயர் வைத்தோம். உன் முழுப் பெயரே அதுதான். பதினாறு மாதம் கழித்து, 17.06.1998 புதன்கிழமை, இன்னொரு பெண் பிறந்தாள். அவள்தான் கனகலட்சுமி. அவளுக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. உன்னைக் கண்டால் மட்டும் கையை நீட்டுவாள். அப்போது நாம் வேறு ஊரில் இருந்தோம். ஒரு பேரூராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. 23.02.1999 செவ்வாய்க்கிழமை பகல் 12.40க்கு, மூன்று நாள் காய்ச்சலில், அவள் இறந்தாள். எட்டு மாதம் ஆறு நாள். உனக்கு அப்போது இரண்டு வயது. நினைவிருக்க வழியில்லை. மேலூர்ச் சாலையில் உன் அம்மா ஊர்க் கண்மாய்க்கரையில் புதைத்தோம். அந்த இடம் இன்று நான்குவழிச் சாலைக்கு அடியில் இருக்கிறது. மறுவாரம் அலுவலகத்தில் இறப்புப் படிவத்தை எடுத்து, பெயர், தந்தை பெயர், முகவரி எல்லாம் எழுதினேன். தேதிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும் என்று ஊரார் எத்தனையோ பேரைக் கடிந்து திருப்பி அனுப்பியவன் நான். என் கெடு 16.03.1999 அன்று முடிந்தது. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆகவே பதிவேட்டின்படி அவள் இறக்கவில்லை.

அதன்பின் 2000ஆம் ஆண்டு மாற்றல் வாங்கி வில்லாபுரம் வந்தோம். 09.06.2003 திங்கட்கிழமை உன்னைப் பள்ளியில் சேர்க்க அம்மாதான் அழைத்துச் சென்றாள். டிரங்குப் பெட்டியில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மாலையில் வந்து சேர்க்கைச் சீட்டைக் காட்டினாள். பெயர் கனகலட்சுமி, பிறந்த தேதி 17.06.1998. கைதவறி மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து, நாளையே ஒரு கடிதம் கொடுத்துத் திருத்திவிடலாம் என்றேன். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வராமலே, “திருத்த வேணாம். அவளும் பள்ளிக்கூடம் போகட்டும்” என்றாள். நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆறு வயதில் உன்னைக் கூப்பிட்டு, கனகலட்சுமி என்பது உன் பள்ளிக்கூடப் பெயர் என்று சொன்னோம். நீ தலையாட்டினாய். வகுப்பில் எல்லாரையும்விட நீ உயரமாக இருந்ததற்கும், மூன்றாம் வகுப்பிலேயே பி.டி. மாஸ்டர் உன்னைக் கூடைப்பந்துக்கு எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான். நீ உன் திறமையால் ஆடினாய். ஆனால் ஒரு வருடம் நான்கு மாதம் எட்டு நாள் உனக்குக் கடனாகக் கிடைத்திருந்தது.

அந்தக் கடன் வேறு ஒரு பெண்ணிடமிருந்து போனது. 2011 அக்டோபரில் பதினான்கு வயதுக்குட்பட்டோர் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது பன்னிரண்டு பேரில் நீ கடைசியாகத் தேர்வானாய். பதின்மூன்றாவதாக நின்றவள் மேலூர் ஜெயபாண்டியின் மகள் ஜெயக்கொடி. ஜெயபாண்டி நேராக நம் வீட்டுக்கு வந்து உன் வயதில் சந்தேகம் என்றார். சான்றிதழைக் காட்டினேன். “காகிதம் கிடக்கட்டும்ணே. அழகர்கோவில்ல கருப்பு கதவு முன்னால வந்து சொல்லுங்க. நான் கம்முனு போயிடுறேன்” என்றார். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் பூட்டிய கதவுதான் சாமி என்பதும், அங்கே பொய்ச் சத்தியம் செய்ய நம் பக்கத்தில் எவரும் துணியமாட்டார்கள் என்பதும் நீ அறிந்ததே. 16.10.2011 ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனேன். சந்தனம் அப்பிய கதவைப் பார்த்து, ஆடுகிற என் மகள் பிறந்தது 17.06.1998 என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கு இழுக்கவில்லை, வண்டி மோதவில்லை. சாமி இதையெல்லாம் கவனிப்பதில்லை என்று எண்ணித் திரும்பினேன். அடுத்த மாதம்தான் தேனியில் ஆறு பேரை எண்ணினேன். அந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. கதவு என் பொய்யைத் தண்டிக்கவில்லை, மகளே. மெய்யாக்கிவிட்டது. 17.06.1998இல் பிறந்தவள் ஆடத் தொடங்கிவிட்டாள்.

சென்ற ஜூன் 30ஆம் தேதி நீ அனுப்பிய மின்னஞ்சலில், நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பத்துக்கு அசல் பிறப்புச் சான்றிதழும், உன் பிறந்த தேதியைப் பெற்றோர் உறுதிகூறும் பிரமாணப் பத்திரமும் ஆகஸ்ட் 15க்குள் வேண்டும் என்று கேட்டிருந்தாய். பத்திரத்தாள் வாங்கி, நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சும் செய்துவிட்டேன். கையெழுத்துப் போடும் இடத்தில், 1999இல் நின்றது போலவே கை நின்றுவிட்டது. எழுபத்தொரு வயதில் இரண்டாவது பொய்ச் சத்தியம் என்னால் முடியாது. முதலாவதைத் திரும்பப் பெறாமல் உண்மையானதில் கையெழுத்திடவும் முடியாது. இம்மாதம் 16ஆம் தேதி அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமல், “உங்களுக்கு ஒரு தேதி சரியாகணும். அதுக்காக எம்புள்ளையத் திரும்பவும் கொல்லப் போறீக” என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

18.07.2025 வெள்ளிக்கிழமை, ஆடி 2, சாட்சிக்கு வரும்படி ஜெயபாண்டிக்குச் சொல்லிவிட்டு அழகர்கோவில் போனேன். பேருந்து தாமதம். போய்ச் சேர்ந்தபோது 12.10. வெயிலில் கல்தரை கொதித்தது, குரங்குகள்கூட நிழலை விட்டு வரவில்லை. ஜெயபாண்டி பைக்கை நிறுத்திவிட்டு எனக்கு முன்பே நின்றிருந்தார். “வாங்கண்ணே. பதினாலு வருசமாச்சு. என்ன, தேதிய மாத்தி எழுத வந்திருக்கீகளா” என்று கேலி செய்தார். பதின்மூன்று ஆண்டு ஒன்பது மாதம் இரண்டு நாள் என்று திருத்தினேன். அவர் சிரித்துவிட்டு என் இடத்தோளுக்குப் பின்னால் பார்த்து, “பாப்பாவையும் கூட்டியாந்திருக்கீக” என்றார். ஏதோ உபசாரமாகச் சொல்கிறார், யாரோ பக்தர் குடும்பத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். கதவுக்கு முன்னால் நின்று, 16.10.2011 அன்று நான் சொன்னது பொய், ஆடுகிறவள் பிறந்தது 09.02.1997, மற்றவள் 23.02.1999 அன்று இறந்துவிட்டாள் என்று சொன்னேன். இறந்துவிட்டாள் என்ற சொல்லை இருபத்தாறு ஆண்டுகளில் அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன உடனே என் இடக்கைச் சுண்டுவிரல் லேசானது. அதை யாரோ பிடித்திருந்தார்கள் என்பதே விட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜெயபாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். “எங்கண்ணே பாப்பா? இப்பத்தான நின்னுச்சு” என்றார். நான் தனியாகத்தான் வந்தேன் என்றேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே, “அன்னைக்கும் நின்னுச்சுண்ணே. பதிமூணு வயசு இருக்கும், ஒல்லியா. நீங்க தேதியச் சொன்னப்ப ஆமான்னு தலையாட்டுச்சு. சின்னப்புள்ள பொய் சொல்லாதுன்னுதான் நான் நம்பிப் போனேன்” என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. ஜெயக்கொடி இப்போது மேலூரில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறாளாம், உன் ஆட்டங்களைக் கைப்பேசியில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறாளாம். “அவகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. என்னால முடியாது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வரும் ஞாயிறு, 27ஆம் தேதி, போய்ச் சொல்வேன். கோவிலுக்குப் போய்வந்த மறுநாள், 19ஆம் தேதி பகல் பன்னிரண்டரைக்கு நான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தபோது தரையில் இரண்டாவது தம்ளர் இல்லை. ஆட்டம் முடியும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு முறையும் ஆறு வரவில்லை. நீ ஒன்பது முறை இடப்பக்கம் பந்தைத் தள்ளினாய்.

ஆக, உன் கால் பழுதில்லை. உன் கண் பழுதில்லை. உன்னிடமிருந்து எடுக்கப்பட்டது எது என்பதை மேலே எழுதிவிட்டேன். எடுத்தவன் உன் தகப்பன். இனி நீ செய்ய வேண்டியது பற்றி. உன் உண்மையான பிறப்புச் சான்றிதழையும் நான் கையெழுத்திட்ட உண்மையான பிரமாணப் பத்திரத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இவற்றைக் கொடுத்தால் உன் பாஸ்போர்ட், பதக்கங்கள், ஒப்பந்தம் எல்லாம் கேள்விக்குள்ளாகும். குற்றம் முழுவதும் என்னுடையது என்று தனியாக ஒரு வாக்குமூலம் எழுதியிருக்கிறேன், எந்த அலுவலகத்திலும் வந்து சொல்லத் தயாராக இருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் முடிவு. அவளுடைய இறப்புப் படிவத்தையும் மீண்டும் எழுதிவிட்டேன். தேதிக் கட்டம் உட்பட. தாயார் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. முனீஸ்வரி பேனாவைத் தொடவில்லை.

இவ்வளவு எழுதியபோது மணி 12.30. இன்று ஆட்டம் ஒன்றும் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து எனக்கு ஒரு தம்ளர் மோர் வைத்தாள். என் இடப்பக்கம் தரையில் இன்னொன்று வைத்தாள். நான் எறும்பைப் பற்றிப் பேசவில்லை. அவள் அப்படியே நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மங்கலால் அவளால் படிக்க முடியாது. ஐந்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். “அவகிட்டச் சொல்லுங்க. ஆட்டத்துல அந்தப் பக்கம் திரும்பி, பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. இம்புட்டு வருசமா அவதான் அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டுக் கிடந்தா. அவளத் திருப்பி ஒருத்தரும் கூப்பிடல. ஊரே கனகா கனகான்னு கத்தும்போது அது தன்னையத்தான்னு அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்” என்றாள். நீ கூப்பிட்ட பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

மகளே, நான் கதவுக்கு முன்னால் அவளைத் தேதியாகத்தான் சொன்னேன். இரண்டு முறையும் தேதியாகத்தான் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. இதை அம்மா பேசியபோதுதான் உணர்ந்தேன். 26ஆம் தேதி உங்களுக்கு ஆட்டம் இல்லை. கூரியர் ஒன்பது நாளில் சேரும் என்கிறார்கள், அதாவது 30ஆம் தேதி. அடுத்த ஆட்டம் 02.08.2025 சனிக்கிழமை. பந்து கைக்கு வந்ததும் தள்ளிவிடாதே. ஒரு கணம் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, கனகலட்சுமி என்று கூப்பிடு. முழுப் பெயராகச் சொல். உன் பெயர் என்று நினைத்து நீ ஒருநாளும் கூப்பிட்டுப் பார்க்காத பெயர் அது. அவள் வந்தால் வரட்டும். விடைபெற்றுக்கொண்டு போனால் போகட்டும். நீ அதன்பின் எப்படி ஆடினாலும், எத்தனை முறை பறிகொடுத்தாலும், அந்த ஆட்டத்தை 513 என்று எண்ணிட்டு, மாயக்காள் என்று தலைப்பிட்டு எழுதுவேன். நோட்டுப் புத்தகம் புதிதாக வாங்கிவிட்டேன்.

முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு செய்து தேய்க்கவும். காலையில் வெறும் வயிற்றில் ஓடாதே. ஆடிப் பதினெட்டின் நீங்கா நலமும், கண்மாய் நிறைந்த ஆண்டின் செழிப்பும் உனக்குச் சேரட்டும் என்று நானும் அம்மாவும் உன் தலையில் கைவைத்து வாழ்த்துகிறோம். உறைமேல் கனகலட்சுமி என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு அந்தப் பெயருக்குத்தான் தபால் தருவார்கள். அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள். கடிதம் கிடைத்ததும் கிடைத்த தேதியையும் நேரத்தையும் தெரிவிக்க மறவாதே.

இப்படிக்கு,
உன் தகப்பன்
மு. காசிமாயன்
(முடித்த நேரம்: பிற்பகல் 1.05)

இத்துடன் இணைக்கப்பட்டவை – ஐந்து:
1. மாயக்காளின் பிறப்புச் சான்றிதழ், அசல் (09.02.1997).
2. பெற்றோர் பிரமாணப் பத்திரம், என் கையெழுத்துடன்.
3. என் வாக்குமூலம், இரண்டு பக்கம்.
4. கனகலட்சுமியின் இறப்புப் பதிவுப் படிவம், நகல். தாயார் கையெழுத்து நீங்கலாக.
5. கனகலட்சுமியின் பிறப்புச் சான்றிதழ், அசல் (17.06.1998).

குறிப்பு: உறையை ஒட்டும் முன், இந்தக் கடிதம் நீங்கலாக உள்ளே இருப்பவற்றை எண்ணினேன். ஆறு. மீண்டும் எண்ணினேன். ஆறு. திருத்தம் செய்யவில்லை.